மைசூர்ச் சீமையில் குடிபுகுந்தோர்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தனர். மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் எழுத வல்ல அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குப் பழக்கமானவை படிவமும் முத்திரையும் நகலுமே. ஆதலின் அவற்றின் வழியாகவே ஒரு வரலாற்றைச் சொல்ல முற்படுகிறோம். தமிழகத்தினின்று மைசூருக்குக் குடிவந்த ஒரு குடும்பம், காலந்தோறும் சர்க்காருக்கு எதைக் காட்டித் தன்னை நிலைநிறுத்திக் கொண்டது? இதுவே ஈண்டு நாம் பேசப் புகும் பொருள்.

தமிழர் இந்நாட்டிற்கு வந்தது நேற்றன்று. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கர் நாட்டைக் கைக்கொண்டு, தலக்காட்டிற்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். 1116ஆம் ஆண்டளவில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதனை மீட்டுத் ‘தலக்காடு கொண்டவன்’ எனும் பட்டம் புனைந்தான். ஆட்சி போயினும் ஆட்கள் போகவில்லை. கோலாரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ்க் கல்வெட்டுக்கள் நிரம்பவுண்டு. மேலுக்கோட்டையில் இராமானுசர் தங்கிய காலத்தோடு தம் குடிவரவைச் சேர்த்துச் சொல்லும் மண்டயம் ஐயங்கார்கள், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இல்லத்தில் ஒருவகைத் தமிழையே பேசி வருகின்றனர். அக்காலத்தில் குடியுரிமைக்குச் சான்று தாளில் இல்லை, கல்லில் இருந்தது. இன்னாருக்கு இன்ன நிலம், எல்லை இது, இதை அழிப்பவன் இன்ன பாவத்தில் போவான் என்று வெட்டிவிட்டால் கேட்பாரில்லை. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்னும் ஆங்கிலேயர் இக்கல்வெட்டுக்களைத் திரட்டி 1886 முதல் தொகுதி தொகுதியாக அச்சேற்றினார். அவற்றைப் புரட்டுவோர் தமிழ் எழுத்துக்களைப் பக்கம் பக்கமாகக் காணலாம்.

இடையில் ஒரு சொல். கல்வெட்டுப் படிகளும் நம்மைப் போல் குடிபெயர்ந்தவையே. மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகையினின்று 1966ஆம் ஆண்டு நம் மைசூருக்கு மாறியபோது, தமிழகத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான மைப்படிகளும் உடன் வந்தன. அவற்றைத் தமிழகத்திற்கே அனுப்புமாறு 2021ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஊர் திரும்புவதற்குக் கல்வெட்டுப் படிக்குங்கூட நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது!

இனி, தாள்கள் புழக்கத்திற்கு வந்த காலத்தைப் பார்ப்போம். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், குழந்தையாயிருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏற்றப்பட்டார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டனர். ஐம்பது ஆண்டுக்காலம் கமிஷனர்கள் ஆண்டனர். அவருள் மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை இருந்தார். அவ்வாட்சியில் குடிவந்த தமிழருக்கு இரண்டு சௌகரியங்கள் வாய்த்தன. மைசூர் நாணயச்சாலை 1843இல் மூடப்பட்டுச் சென்னையில் செல்லும் ரூபாயே இங்கும் செல்லலாயிற்று. காசு மாற்றும் தொல்லை ஒழிந்தது. சிக்கதேவராய உடையார் காலந்தொட்டு நடந்துவந்த ‘அஞ்சே’ என்னும் சமஸ்தானத் தபால், 1889இல் இந்தியத் தபாலோடு இணைந்தது. அதன்பின் மைசூரிலிருந்து மாயவரத்திற்கு எழுதும் கடிதமும் சேலத்திலிருந்து மாயவரத்திற்கு எழுதும் கடிதமும் ஒரே கணக்கில் அடங்கின. ஊரைவிட்டு வந்தவருக்குக் காசும் கடிதமும் தடையின்றிச் செல்வதினும் பெரிய வசதி வேறென்ன?

1881 மார்ச் 25ஆம் நாள் ஆட்சி மீண்டும் மகாராஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று முதல் மைசூர், சட்டத்தின் கண்ணில், ஆங்கில இந்தியாவுக்குப் புறம்பான ஒரு நாடு. சென்னை மாகாணத்தில் பிறந்தவன் ஆங்கில மன்னரின் பிரஜை. மைசூரில் பிறந்தவனோ மகாராஜாவின் பிரஜை. ஆங்கிலேயர் அவனைத் தம் பாதுகாப்பிலுள்ளவன் என்று மட்டுமே எழுதினர். தமிழ்த் தகப்பனுக்குத் திருச்சியில் பிறந்த மூத்த மகன் ஒருவகை, மைசூரில் பிறந்த இளைய மகன் மற்றொரு வகை! ஒரே பந்தியில் உண்ட இருவரையும் இரு நாட்டார் எனச் சட்டம் பிரித்தது. அன்றாட வாழ்வில் இப்பிரிவு உறுத்தவில்லை என்பது மெய்யே. எல்லையில் கடவுச்சீட்டுக் கேட்பாரில்லை. ஆனால் வழக்கு, கடன், சொத்து என்று வந்துவிட்டால் அது வெளிப்பட்டது. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி மைசூர் நீதிமன்றம் சென்னை மாகாணத்திற்கு ஓர் ‘அயல்நாட்டு நீதிமன்றம்’. அங்கே பெற்ற தீர்ப்பை இங்கே நிறைவேற்றுவதற்கும், இங்கே பெற்றதை அங்கே நிறைவேற்றுவதற்கும் இரு சர்க்காருக்கும் இடையே தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. ஈரோட்டில் குற்றம் செய்துவிட்டுச் சாமராஜநகரத்திற்கு ஓடிவந்தவனைப் பிடித்துச் செல்லவும் ஒப்படைப்பு முறைகள் இருந்தன.

நம் இரயில்வே அன்பர்கள் கேட்டு வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1881ஆம் ஆண்டு ஒப்படைப்புப் பத்திரத்தின்படி, இரயில்பாதைக்கென ஆங்கில சர்க்கார் கேட்கும் நிலத்தை மகாராஜா விலையின்றித் தரவேண்டும். அந்நிலத்தின் மீதுள்ள அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வாறு விடப்பட்ட பாதைகளில், வண்டியில் அமர்ந்திருக்கும்வரை பிரயாணி ஒரு சட்டத்திற்கு உட்பட்டவன்; நிலையத்தின் வாயிலைக் கடந்து குதிரைவண்டி பேரம் பேசும்போது வேறொரு சட்டத்திற்கு உட்பட்டவன். பெங்களூரிலும் இவ்வாறே. 1809இல் அமைந்த தண்டு, 1881க்குப் பின்னும் மகாராஜாவின் ஆட்சிக்கு வெளியே ரெசிடெண்டின் கையில் இருந்தது. தமிழ் பேசுவோர் மிகுந்த அத்தண்டுப் பகுதிக்குத் தனிப் போலீசு, தனிக் கோர்ட்டு. பேட்டையிலிருந்து தண்டுக்கு நடந்து செல்பவன் ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டிற்குச் சென்றான் என்றே சட்டம் கொண்டது. 1947 ஜூலை 26இல்தான் தண்டு மைசூரோடு சேர்ந்தது. சுதந்திரத்திற்கு மூன்று வாரமே இருந்தது.

வேறு நாடாயிருந்ததில் தீமை மட்டுமே விளைந்தது என்று நினைத்தல் வேண்டா. மைசூர் 1894இலேயே குழந்தை மணத்தைத் தடுக்கச் சட்டம் செய்தது. ஆங்கில இந்தியாவில் சாரதா சட்டம் வந்தது 1929இல். 1933இல் மைசூர் இந்துப் பெண்களின் சொத்துரிமைக்குச் சட்டம் இயற்றியது. ஆங்கில இந்தியா 1937இல்தான் அந்த வழியில் முதலடி வைத்தது. மைசூரில் வீடு வாசலோடு வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக் கைம்பெண்ணுக்குக் கிடைத்த பங்கு, தஞ்சாவூரில் வாழ்ந்த அவள் தங்கைக்கு அக்காலத்தில் கிடைக்கவில்லை. இது பிற்காலத்திலும் தொடர்ந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடொத்த பங்கு என்னும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும் கர்நாடகத்தில் 1994இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் நடைமுறைக்கு வந்தது. மகளுக்கு மணமான ஆண்டையும் சொத்து இருக்கும் இடத்தையும் பொறுத்துப் பங்கு மாறிய குடும்பங்கள் பல.

இக்காலத்தில் மைசூருக்கு வந்த தமிழர் இருவகையினர். முதல்வகையினரை யாவரும் அறிவர். செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த ரங்காசார்லு 1881இல் திவானாகி, பிரஜாப் பிரதிநிதி சபையைத் தோற்றுவித்தார். பாலக்காட்டை அடுத்த ஊரிற் பிறந்த சேஷாத்திரி ஐயர் 1883 முதல் 1901 வரை திவானாயிருந்தார். அவர் தொடங்கிவைத்த சிவசமுத்திர மின்சாரம் 1902இல் கோலார்ச் சுரங்கத்திற்குப் பாய்ந்தது. கடைசித் திவானும் ஆர்க்காடு இராமசாமி முதலியாரே (1946–49). திருத்தணியிற் பிறந்த இராதாகிருஷ்ணன் 1918 முதல் மூன்றாண்டு இங்கே தத்துவம் கற்பித்தார். மகாராஜா பள்ளியின் தலைமையாசிரியராய் வந்தவரின் மக்களே ஆர்.கே. நாராயணும் ஆர்.கே. லட்சுமணும். நாராயண் வாழ்ந்த யாதவகிரி வீடு 2016 முதல் காட்சியகமாக உள்ளது. இவர்களிடம் எவரும் ‘எத்தனை ஆண்டு இங்கே இருந்தாய்’ என்று கேட்கவில்லை. ‘என்ன படித்தாய்’ என்பதே கேள்வி. சென்னையில் ஆங்கிலக் கல்வி முன்னே பரவியிருந்தபடியால் உத்தியோகங்கள் அவர்களை நாடி வந்தன.

இதனால் மைசூர்க்காரர் மனம் புழுங்கியதில் வியப்பில்லை. தம் நாட்டுக் கச்சேரிகளில் மேலிடங்களெல்லாம் சென்னைக்காரர் வசமிருப்பதைக் கண்டு, ‘மைசூர் மைசூரியர்க்கே’ என்னும் குரல் எழுந்தது. நாம் தமிழர் என்பதற்காக அதைக் குறை கூறுதல் முறையாகாது. சொந்த ஊரில் தம் பிள்ளைக்குப் பியூன் வேலை கிடைப்பதே அரிதாயிருக்க, அயலூரார் மேசைமுன் அமர்ந்திருந்தால் எவர்தாம் பொறுப்பர்? அது முதலில் மைசூர்ப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் இடையே நடந்த போட்டியாயிருந்து, பின்னர் ஒக்கலிகர், லிங்காயத்தர், முஸ்லிம்கள் முதலிய சமூகத்தார் உத்தியோகங்களில் தம் பங்கைக் கோரும் பெரிய இயக்கமாயிற்று. 1918இல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைந்தது. ஏழாண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும் கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரு பங்கும் பிற்பட்ட சமூகத்தாருக்குச் சேர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இக்கொள்கையை ஏற்கவியலாத திவான் விசுவேசுவரய்யா அவ்வாண்டே பதவி விலகினார். அதுமுதல் மைசூரில் உத்தியோகம் தேடிய தமிழனுக்குப் பட்டம் மட்டும் போதுமானதாயில்லை. ‘நீ மைசூரியனா’ எனும் வினாவுக்கும் விடை வேண்டியிருந்தது.

இரண்டாம் வகையினரைப் பற்றி மலர்களில் எழுதுவார் குறைவு. கோலார்த் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று ஆயிரமாயிரம் பேர், பெரும்பாலும் ஆதிதிராவிடர், அங்கே குடியேறினர். தகர வேய்ந்த குடிசை வரிசைகளில் வாழ்ந்து, பூமிக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் உழைத்தனர். திவானிடம் சான்று கேளாத ராஜ்யம் இவர்களிடம் கேட்டது; அதுவும் விரலைக் கேட்டது. தொழிலாளர் யாவரும் கைரேகை பதிந்து பெயர்ப்பதிவு செய்துகொள்ள வேண்டும் என 1930இல் வந்த கட்டளையை எதிர்த்து, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை எடுப்பது குற்றவாளிக்கன்றோ, உழைப்பவனுக்கு எதற்கு என்பது அவர்தம் வாதம். மைசூர்ச் சீமைத் தமிழர் வரலாற்றில் தாளுக்கும் முத்திரைக்கும் எதிராக எழுந்த பெருங்குரல் அதுவே என்பது நம் கருத்து. திவான்களின் சிலைகளைக் காணும்போது இவர்களையும் நினைத்தல் நேர்மை. அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. குடிசை வரிசைகள் இன்னும் உள. வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறிச் செல்வோர் பல்லாயிரவர்.

கடவுச்சீட்டுக் கேட்பாரில்லை என்று மேலே எழுதினோம். ஒரு காலத்தில் மட்டும் அது கேட்கப்பட்டது. 1898இல் பெங்களூரிலும் தொடர்ந்து மைசூரிலும் பிளேக் நோய் புகுந்தது. அப்பொழுது சென்னை மாகாணத்தார், நோயுள்ள இடங்களினின்று வரும் இரயில் பிரயாணிகளைச் சோதித்து, ‘பிளேக் பாஸ்போர்ட்டு’ என்னும் சீட்டைக் கொடுத்தனர். அச்சீட்டுப் பெற்றவர் தாம் போய்ச் சேர்ந்த ஊரில் சில நாட்கள் அதிகாரியின்முன் ஆஜராகி, உடல் நலமாயிருப்பதைக் காட்ட வேண்டும். தாயைப் பார்க்கக் கும்பகோணம் சென்ற மகன் நாள்தோறும் போய்த் தன்னைக் காட்டி வரும் நிலை! 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் மாநில எல்லையில் இ-பாஸ் கேட்டபோது, நம் காலனியில் சிலர் இது முன்னெப்போதும் இல்லாத கொடுமை என்றனர். பாட்டனாரின் பாட்டனார் கண்டதே. அந்தப் பிளேக்கின் பயனாகவே, நெரிசல் நீக்கிப் புதிய வீதிகள் அமைக்க 1903இல் மைசூர் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு தோன்றியது. நம்மவர் பலர் இங்கே மனை வாங்கி ‘வாடகைக் குடி’ என்னும் நிலையினின்று நீங்கியதற்கு அந்தப் போர்டும் ஒரு காரணம்.

சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்புச் சட்டம் அமலாகி, மகாராஜாவின் பிரஜை என்றும் மன்னரின் பிரஜை என்றும் இருந்த பிரிவு அழிந்து, யாவரும் இந்தியக் குடிகள் ஆயினர். வசிக்கும் இடத்தைக் காரணம் காட்டிச் சர்க்கார் வேலையை மறுக்கலாகாது என்று 16ஆம் விதி கூறுகிறது. விலக்குச் செய்யும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கே உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆந்திரத்தின் தெலுங்கானாப் பகுதி முதலிய சில இடங்கள் நீங்கலாக, வேலைக்கு வசிப்பு நிபந்தனை விதித்த பழைய விதிகளை நீக்கிற்று. 1951 ஏப்ரல் 14இல் மைசூர் சமஸ்தான இரயில்வே, சென்னை தென் மராத்தா இரயில்வே, தென்னிந்திய இரயில்வே ஆகிய மூன்றும் சேர்ந்து தென்னக இரயில்வே ஆயின. விழுப்புரத்தில் வேலைக்கமர்ந்தவர் மைசூருக்கு மாற்றலாகி வரவும், மைசூரார் மதுரைக்குப் போகவும் வழி திறந்தது. 2003 ஏப்ரல் 1இல் மைசூர்க் கோட்டம் தென்மேற்கு இரயில்வேயில் சேரும்வரை இது நீடித்தது. நம் காலனிக் குடும்பங்களுள் பலவற்றின் வரவு இந்த அரைநூற்றாண்டுக்குள் அடங்கும்.

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. கோயமுத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகாலம் தாலுக்கா மைசூரோடு சேர்ந்தது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டவில்லை, வண்டி ஏறவில்லை. இரவு சென்னை இராஜ்யத்தில் உறங்கி, காலையில் மைசூர் இராஜ்யத்தில் கண் விழித்தனர். பத்திரம் பதியும் மொழி மாறிற்று, தாசில்தார் மாறினார். குடிபெயர்ச்சி என்பது மனிதர் எல்லையைக் கடப்பதால் மட்டுமன்று, எல்லை மனிதரைக் கடப்பதாலும் நேரும்.

இவ்விடத்தில் வெளிநாட்டு உதாரணம் ஒன்று பொருந்தும். பிரான்சு நாட்டின் சிற்றூர்களில் ஆங்கிலேயர் பலர் வீடு வாங்கி வாழ்ந்து வந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் இரு நாடுகளும் இருந்தவரை அவர்களுக்கு வசிப்பு அட்டை தேவைப்படவில்லை. 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிற்று. அவ்வாண்டு டிசம்பரோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. முன்பே அங்கு வாழ்ந்தவரும் மனுச் செய்து வசிப்பு அட்டை பெற வேண்டியதாயிற்று. கார் ஓட்டும் லைசென்சு, வைத்திய வசதி முதலியவற்றிற்கெல்லாம் புதிய விதிகள் வந்தன. அங்கே வீடு மட்டும் வைத்துக்கொண்டு வந்து போவோர், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பதாயிற்று. வீட்டுச் சாவி கையில் இருந்தும் நாட்கணக்குப் பார்த்தே கதவைத் திறக்க வேண்டும்! இருபது ஆண்டுக்கு முன்பிருந்து அங்கே வாழ்வதாகச் சொன்னால் மட்டும் போதாது. மின்சார பில்லும் வரி ரசீதும் அதைச் சொல்ல வேண்டும். உலகையே ஆண்ட இனத்தார் பிரெஞ்சுக் கச்சேரியில் வரிசையில் நின்றனர். பிரான்சு என்றதும் நமக்குப் புதுச்சேரி நினைவு வரும். 1962 ஆகஸ்டு 16இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரித் தமிழருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தெரிந்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. கையெழுத்திட்ட அண்ணன் பிரெஞ்சுக்காரர், இடாத தம்பி இந்தியர். திருச்சி மகன், மைசூர் மகன் கதையேதான்.

நம் நாட்டுக்குள் அத்தகைய அட்டை இல்லை. ஆயினும் ‘எவ்வளவு காலமாய் இங்கே?’ என்னும் வினா ஒழியவில்லை. அது வெவ்வேறு கச்சேரியில் வெவ்வேறு உருவெடுக்கிறது. வாக்காளர் பட்டியலுக்குச் சாதாரணமாய் வசிக்கும் இடமே கணக்கு. ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு வைத்தல் சட்டப்படி கூடாது. தமிழ்நாட்டில் பதிந்த மோட்டார் சைக்கிளைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருப்பவர், அங்கிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ரேஷனில் முன்பிருந்த கஷ்டம் ஓரளவு தீர்ந்துள்ளது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ ஏற்பாட்டில் 2020ஆம் ஆண்டு கர்நாடகமும் தமிழ்நாடும் சேர்ந்தபின், மத்திய உணவுச் சட்டத்தின்கீழ் வரும் கார்டுக்கு இங்கேயும் அரிசி வாங்கலாம். வீடு வாங்கியவர் பட்டா என்று கேட்டால் இங்கே விழிப்பார்கள். ‘கத்தா’ என்று கேட்க வேண்டும். ஊர் நிலத்தை விற்று நஞ்சன்கூட்டுப் பக்கம் கொஞ்சம் விளைநிலம் வாங்க ஆசைப்பட்டோர்க்கு, விவசாயியல்லாதார் வாங்கலாகாது என்னும் தடை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்தது. அத்தடை கன்னடியருக்கும் உண்டு. நம்மை மட்டும் குறிவைத்ததன்று.

பள்ளிக்கூட விஷயமே பெரிது. தாய்மொழி வழிக் கல்விக்கு, பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ இருந்தால் ஆசிரியர் தர வேண்டும் என்று 1949இல் கல்வி மந்திரிகள் மாநாடு தீர்மானித்தது. 1956இல் 350-A விதி அரசியலமைப்பில் சேர்ந்தது. ஆனால் அந்த நாற்பது பெயர் சேர வேண்டுமே! பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடியபின் எண் சேரவில்லை. இதில் சர்க்காரைக் குறை சொல்வதற்கு நமக்கு வாய் குறைவு.

உயர்கல்வியில் வரும் சிக்கலைப் பல குடும்பங்கள் தாமதமாகவே அறிகின்றன. கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சர்க்கார் இடம் பெற விரும்பும் மாணவர், பொது விதிப்படி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள வகுப்புகளில் ஏழு கல்வியாண்டேனும் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் முதலியோரின் மக்களுக்குத் தனி விதிகள் உள. அங்கே, தமிழ்நாட்டில், இருப்பிடச் சான்றிதழ் கேட்கப்படும். ஆறாண்டு இங்கும் ஆறாண்டு அங்குமாய்ப் பாட்டி வீட்டில் மாறி மாறிப் படித்த பிள்ளை, இரு பக்கத்துப் படிவத்திலும் ஒரு கட்டத்தை நிரப்ப இயலாமல் நிற்கும். ஆகையால் பிள்ளையை ஊருக்கு அனுப்பிப் படிக்கவைக்க எண்ணும் பெற்றோர், முதலில் விரல்விட்டு ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது நலம்.

யாவற்றினும் கடுமையானது சாதிச் சான்றிதழ். ஆதிதிராவிடர் முதலிய பட்டியல் சாதிகளைக் குடியரசுத் தலைவரின் 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் ஆணை மாநிலவாரியாக வரிசைப்படுத்திற்று. ஒரு மாநிலத்தில் பட்டியலிலுள்ளவர் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே பெயருள்ள சாதி பட்டியலில் இருந்தாலும், அம்மாநிலத்து ஒதுக்கீட்டைக் கோரவியலாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 2018இலும் அதனை உறுதிசெய்தது. 1950ஆம் ஆண்டு அந்த நாளில் குடும்பத்தின் நிலையான வாசம் எங்கே என்பதே உரைகல். கன்னட நாட்டில் மூன்று தலைமுறை உழைத்து, கன்னடம் சரளமாகப் பேசி, இங்கேயே மண்ணாகிப்போனவரின் பேரன், பாட்டனார் 1950க்கு முன் வந்தார் என்பதற்கு ஒரு தாள் காட்ட வேண்டும். திவானின் பேரனுக்கு அந்தத் தாள் தேவையில்லை. இருந்தாலும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். சுரங்கத்திலும் எஸ்டேட்டிலும் நகரசுத்தியிலும் உழைத்தவர் வீட்டில் அலமாரியே இல்லை. அவர்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடியவை பழைய பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்தர், கம்பெனி வேலைச் சீட்டு, ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு, மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல் இவையே. 1930இல் கைரேகை கொடுக்க மறுத்தவரின் பேரப்பிள்ளைகள், பாட்டனாரின் ரேகை பதிந்த ஏதேனும் ஒரு தாள் அகப்படாதா என்று தேடும் நிலையைக் காலம் கொண்டுவந்து விட்டது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1963இல் கன்னடம் ஆட்சிமொழியாகச் சட்டம் வந்தது. 1973 நவம்பர் 1இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. சரோஜினி மகிஷி குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கை, பதினைந்து ஆண்டு இம்மாநிலத்தில் வாழ்ந்து கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் அறிந்தவரைக் கன்னடியர் எனக் கொண்டது. இவ்விலக்கணத்தில் பிறப்பும் தாய்மொழியும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதன்படி நம் காலனியில் பெரும்பாலோர் கன்னடியரே. எழுதப் பழகாத சிலர்தாம் மீதி. நாமும் இங்கே வந்தபின் சங்க நண்பரிடம் எழுத்துக்கூட்டிப் படித்தோம். அதனால் கச்சேரிப் படிவங்களை நிரப்ப எவரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்தை மறைப்பதில் பயனில்லை. பெங்களூரிலும் தென்மைசூர்ப் பகுதிகளிலும் தமிழர் தாக்கப்பட்டனர், குடிசைகள் எரிந்தன, பல்லாயிரவர் எல்லை கடந்து ஓடினர். அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரும் பல இடங்களில் இருந்தனர். எரிந்த குடிசையில் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றும் மிஞ்சுமா? திரும்பி வந்தவர் பலர், இங்கே வாழ்ந்தோம் என்பதையே மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன்பின் நாட்கள் ஆறின. இன்று காவிரி எக்ஸ்பிரஸ் இரவில் மைசூரில் புறப்பட்டுக் காலையில் சென்னை சேர்கிறது. தூத்துக்குடிக்கும் மயிலாடுதுறை வழிக்கும் வண்டிகள் உள. சாமராஜநகரத்தினின்று சத்தியமங்கலம் வழியே மேட்டுப்பாளையத்திற்கு நெடுநாளாய்ப் பேசப்படும் பாதை மட்டும், காட்டைக் காக்கும் பொருட்டு, வரைபடத்திலேயே நிற்கிறது. அது வந்திருந்தால் கோவைப் பக்கத்தார் பெங்களூரைச் சுற்ற வேண்டாம். யானைகள்தாம் சுற்ற வேண்டியிருக்கும்.

மத்திய சர்க்கார் அலுவலகங்களில் வேலை பார்ப்போரின் சர்வீஸ் ரிஜிஸ்தரில், விடுமுறைப் பிரயாணச் சலுகைக்காகச் ‘சொந்த ஊர்’ என்று ஒரு பதிவு உண்டு. பாஸில் செல்லும் இரயில்வேக்காரராகிய நமக்கு அப்பதிவு வேண்டியதில்லை. ஆயினும் காலனியில் பிற இலாகா அன்பர்கள் அதைக் காட்டியிருக்கின்றனர். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய ஊரைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரேயொரு முறைதான் மாற்றலாம் என்பது விதி. முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்து, வீடு கட்டி, பிள்ளைகளுக்கு மணமும் முடித்த அன்பர்களுள் மைசூர் என்று மாற்றி எழுதியவர் இருவர் மூவரே. மற்றவர் ரிஜிஸ்தரில் இன்றும் நன்னிலமும் நாமக்கலும் சங்கரன்கோயிலுமே உள.